பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பட்டா, இந்தப் பக்கம் ‘ஆதாரம் இல்லை’: வன உரிமைக்கு எது சாட்சி?

கொடுங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயமுத்தூர்ப் பக்கத்து ஆனைக்கட்டியில், கொடுங்கரைப் பள்ளம் என்கிற ஓடைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். இருளர் ஊர். பள்ளத்தைத் தாண்டினால் கேரளா. அப்பா கூடப் பிறந்த அத்தையை அந்தப் பக்கம் சோலையூருக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறது. அத்தைக்கும் மாமாவுக்கும் வன உரிமைப் பட்டா கிடைத்து வருஷக்கணக்கு ஆகிறது, இரண்டு பேர் பெயரும் போட்டு வந்தது. அதைப் பால் கவரில் சுற்றி ராகிப் பானைக்குள் வைத்திருக்கிறார், யார் போனாலும் எடுத்துக் காட்டுவார்.

எங்கள் மனு போன மாதம் திரும்பி வந்துவிட்டது. ஒரே வரி, “போதிய ஆதாரம் இல்லை”. நேரில் போய்க் கேட்டதற்கு, 2005 வாக்கில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் புதராகத் தெரிகிறது, வெள்ளாமை நடந்த மாதிரி இல்லை என்றார்கள். எந்த அலுவலகம், யார் என்று இங்கே எழுத விரும்பவில்லை.

அது புதர்தான், நான் மறுக்கவில்லை. தாத்தா காலத்திலிருந்து மேட்டுக்காட்டில் ராகி, சாமை, துவரை கலந்து விதைப்போம், இரண்டு மூன்று வெள்ளாமை எடுத்ததும் மண் ஆறட்டும் என்று விட்டுவிட்டுப் பக்கத்து மேட்டுக்குப் போவோம், சில வருஷம் கழித்துத் திரும்பி அதே இடத்துக்கு வருவோம். ஆறப் போட்ட வருஷத்தில் மேலிருந்து படம் எடுத்தால் புதர் தெரியாமல் வேறு என்ன தெரியும்? அந்தப் புதருக்குள்தான் தாத்தாவுக்கு வைத்த கல் இருக்கிறது. அதற்கு மேற்கே பாறையில் ராகி குத்திய குழி ஒன்று இருக்கிறது, கை விட்டால் முழங்கை வரை இறங்கும். எத்தனை தலைமுறைப் பெண்கள் உலக்கை போட்டால் பாறை அவ்வளவு தேயும்? இதெல்லாம் ஆதாரத்தில் சேராதா? ஒரே சனம், ஒரே பாட்டன், நடுவில் ஒரு பள்ளம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராகிக்காடு எழுதியது:

தம்பி, நான் கேரளத்து அட்டப்பாடியில் அகளிப் பக்கம், நம்ம சனம்தான். சட்டம் படித்துவிட்டு இங்கே ஊருக்கூட்டங்களுக்கு மனு எழுத உதவி செய்துகொண்டிருக்கிறேன். உன் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்: சேரும். நீ சொன்ன கல்லும் சேரும், குழியும் சேரும்.

காட்டில் காலங்காலமாக வாழ்கிறவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை தருகிற வன உரிமைச் சட்டம் 2006ல் வந்தது, அதற்கு 2008ல் விதிகள் வந்தன, 2012ல் திருத்தினார்கள். அதில் 13ஆம் விதியை எடுத்து நிதானமாகப் படி. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது மாதிரி காகிதங்கள் ஒரு வகை. அவை இல்லாதவர்களுக்கு என்றே வேறு வகைகளும் வைத்திருக்கிறார்கள். வீடு, வரப்பு, சமன் செய்த நிலம், கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம், பழைய வம்சாவளி, அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுத்தில் எடுத்தது. மனு போட்டவரே சொல்லக் கூடாது, வேறு பெரியவர் சொல்ல வேண்டும். இப்படிக் குறைந்தது இரண்டு வகை ஆதாரம் போதும். இந்தக் காகிதம்தான் வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்க முடியாது.

செயற்கைக்கோள் படத்தைப் பற்றியும் அதே விதிகளில் சொல்லியிருக்கிறது. மற்ற ஆதாரத்துக்குத் துணையாக அதை வைத்துக்கொள்ளலாம், மற்ற ஆதாரத்துக்குப் பதிலாக வைக்க முடியாது. படத்தை மட்டும் காட்டி மனுவைத் தள்ளியிருந்தால் அது தப்பு.

இன்னொரு விஷயம். கிராம சபை அனுப்பிய தீர்மானம் அரைகுறையாக இருக்கிறது, மறுபடி பார்க்க வேண்டும் என்று மேலே இருக்கும் கோட்டக் குழுவோ மாவட்டக் குழுவோ நினைத்தால் காரணத்தோடு கிராம சபைக்கே திருப்பி அனுப்ப வேண்டும், தானாகத் தள்ளிவிடக் கூடாது. தள்ளினால் காரணத்தை விரிவாக எழுத வேண்டும். ஒரு வரி எழுதுவது காரணம் ஆகாது. முறையிட 60 நாள் இருக்கிறது, நீ போன மாதம் என்கிறாய், அதனால் இந்த வாரமே வேலையை ஆரம்பி. கடிதம் உன் கைக்கு வந்த தேதியை ஒரு தாளில் எழுதி வை.

கொடுங்கரை எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா. தேதி இருக்கிறது, கவரையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று புரியவில்லை. அதே சட்டம்தானே இரண்டு மாநிலத்துக்கும், அப்புறம் ஏன் அத்தைக்கு அவ்வளவு முன்னால் வந்தது?

வால்பாறை டீச்சர் எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். சட்டம் மத்திய சட்டம், நாடு முழுக்க ஒன்றுதான். தமிழ்நாட்டில் 2008லேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் இடைக்கால உத்தரவு வந்தது. மனுக்களை வாங்கலாம், பார்க்கலாம், ஆனால் பட்டா கொடுப்பதற்கு முன் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று. 2016ல் உச்ச நீதிமன்றம் நீக்கும் வரை அது அப்படியே கிடந்தது. எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் எத்தனை பெரியவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்? சாட்சி சொல்ல வேண்டியவர்களே அவர்கள்தான். தாமதம் என்றால் பட்டா தள்ளிப்போவது மட்டும்தான் என்று நினைக்கிறார்கள், சாட்சியும் கூடவே மண்ணுக்குள் போய்விடுகிறது.

எங்கள் பக்கத்தில் கல்லார் குடியில் இருக்கும் காடர் என்கிற ஆதிவாசிகள் கதை தெரிந்திருக்கும். 2019 ஆகஸ்ட் மழையில் மண் சரிந்து வீடுகள் போயின. காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டார்கள், எஸ்டேட் லைன் வீடுகளில் இருங்கள் என்றார்கள், அவர்கள் விடாமல் போராடித்தான் அந்த இடத்தை வாங்கினார்கள். கிழங்கு எங்கே இருக்கும், தேன் எந்த மரத்தில் கட்டும் என்று தெரிந்தவர்களைத் தேயிலைக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தால் பிழைப்பே கிடையாது.

வேலந்தாவளம் எழுதியது:

நான் சொல்லப் போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனால் மனசில் இருப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் குடும்பம் கவுண்டர் குடும்பம். தாத்தா 1950களில் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து அட்டப்பாடிக்குப் போனவர். அங்கே எங்களை வந்தவாசி, அதாவது வெளியிலிருந்து வந்து குடியேறியவன் என்பார்கள், பேரனான நான் அங்கேயே பிறந்தவன் என்றாலும் இன்றைக்கும் அதே பெயர்தான். கல்லைப் பொறுக்கி, கிணறு வெட்டி, பருத்தியும் கடலையும் போட்டு அந்த மண்ணை ஆளாக்கியது எங்கள் குடும்பம். பத்திரம் இருக்கிறது, வரி கட்டிய ரசீது இருக்கிறது. ஆதிவாசி நிலம், திரும்பக் கொடு என்று ஒவ்வொரு முறை பேச்சு எழும்போதும் எங்கள் வீட்டில் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். மூன்று தலைமுறை உழைப்பு ஒன்றுமே இல்லையா? நீங்கள் சொல்லும் நியாயம் சரி, அதை எங்கள் தலையில் மட்டும் ஏன் வைக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ராகிக்காடு எழுதியது:

அண்ணா, உங்கள் அம்மா தூக்கம் கெடுவதில் எனக்குச் சந்தோஷம் கிடையாது. எங்கள் அம்மாவும் அப்படித்தான் தூங்காமல் இருந்தார், அவருக்கு நிலமே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு சட்டத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தம்பி பேசுவது வன நிலம், 2006ஆம் வருஷச் சட்டம். நீங்கள் பேசுவது ஆதிவாசியிடமிருந்து கைமாறிய நிலம், அதற்குக் கேரளத்தில் தனிச் சட்டம்.

1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடியில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் நாங்கள். இருளர், முடுகர், குறும்பர். இன்றைக்குப் பாதிக்கும் கீழே. நடுவில் நடந்தது என்ன? ஜன்மிகள் என்கிற பெரிய நிலவுடைமைக்காரர்களுக்குக் காகிதத்தில் மலையே சொந்தம், எங்களிடம் காகிதமே இல்லை. கடனுக்கும் ஒத்திக்கும் கைநாட்டு வாங்கியதிலேயே பாதி மலை போனது. இதை நிறுத்தத்தான் 1975ல் கேரள சட்டசபை ஒரு சட்டம் போட்டது, கைமாறிய நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று. விதிகள் எழுதவே 1986 ஆனது. வயநாட்டு டாக்டர் நல்ல தம்பி தேரா 1988ல் உயர் நீதிமன்றம் போனார், 1993ல் ஆறு மாதத்துக்குள் அமல்படுத்து என்று தீர்ப்பு வந்தது. அமல்படுத்தவில்லை. பதிலுக்கு 1996ல் சட்டத்தையே தளர்த்த மசோதா கொண்டு வந்தார்கள், இரண்டு அணியும் கை தூக்கிய அந்தச் சபையில் எதிர்த்து நின்றவர் கே.ஆர். கௌரியம்மா ஒருவர்தான். அது நிற்கவில்லை என்றதும் 1999ல் புதுச் சட்டம். அதன்படி 1986 ஜனவரி 24க்கு முன் கைமாறியது 2 ஹெக்டேர் வரை வாங்கியவருக்கே, ஆதிவாசிக்கு வேறு இடத்தில் மாற்று நிலம். 2009ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

ஆக, உங்கள் நிலம் 5 ஏக்கருக்குள் இருந்தால் சட்டம் உங்கள் பக்கம். அம்மாவிடம் சொல்லுங்கள், நிம்மதியாகத் தூங்கட்டும். எங்களுக்குச் சொன்ன மாற்று நிலம் எங்கே என்றுதான் நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 2001ல் சி.கே. ஜானு தலைமையில் திருவனந்தபுரம் செக்ரடேரியட் வாசலில் 48 நாள் குடில் கட்டி உட்கார்ந்தது அதற்குத்தான். 2003 பிப்ரவரி 19ல் வயநாட்டு முத்தங்காவில் துப்பாக்கிச் சூடு வரை போனதும் அதே கேள்விக்குத்தான்.

வேலந்தாவளம் எழுதியது:

சகோதரி, ரெண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

எங்களுக்கு நாலரை ஏக்கர். நீங்கள் எழுதியதைப் படித்ததும் அப்பாவிடம் பழைய பத்திரத்தை எடுக்கச் சொன்னேன். இதுவரை நான் அதை முழுசாகப் படித்ததே இல்லை. கிரயத் தொகை எழுதியிருக்கிறது, கீழே விற்றவர் இடத்தில் ஒரு கைநாட்டு, பெயருக்குப் பின்னால் ‘மூப்பன்’, ஆதிவாசி ஊர்த் தலைவரை அப்படித்தான் சொல்லுவார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேருமே எங்கள் சொந்தக்காரர்கள். இரண்டு பேரும் எங்கள் ஆட்கள், அவர் பக்கத்து ஆள் ஒருத்தர்கூட இல்லை. அப்பா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தாத்தா அவருக்குக் கொடுத்தது உப்பும் புகையிலையும் கொஞ்சம் பணமும், மிச்சம் கடனில் கழிந்தது என்று சொல்லுவார்” என்றார். அந்த மூப்பன் வீட்டு ஆட்கள் அடுத்த ஊரில்தான் இருக்கிறார்கள், அறுவடைக்கு எங்கள் காட்டுக்கே கூலிக்கு வருகிறார்கள். சின்ன வயசிலிருந்து பார்க்கிற முகங்கள்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நிலத்தை விட்டால் எங்களுக்கும் வேறு வழி கிடையாது. ஆனால் இனிமேல் நாங்கள் உழைத்த மண் என்று ஒரே மூச்சில் சொல்ல என் வாய் வராது.

பந்தலூர் எழுதியது:

மேலே இருப்பவர் எழுதியதைப் படித்து நெஞ்சு கனத்தது. இதை வெளியில் சொல்லவே தைரியம் வேண்டும்.

நீலகிரியில் எங்கள் கூடலூர், பந்தலூர் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களுடையது இரண்டும் கலந்த சிக்கல். இங்கே நிலம் ஜன்மம் நிலம், நிலம்பூர் கோவிலகத்தின் கையில் இருந்தது. 1969ல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. அதில் 17ஆம் பிரிவு நிலம் என்று ஒன்று தொங்கிக்கொண்டே இருக்கிறது, எஸ்டேட்டா, காடா, குடியானவன் நிலமா என்று முடிவாகாமல் தலைமுறை கடந்துவிட்டது. அந்தக் குழப்பத்துக்குள் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் ஊர்கள். 1988 டிசம்பரில் பத்தாயிரம் ஆதிவாசிகள் சேர்ந்து கூடலூரில் ஊர்வலம் போனார்கள், நிலம் எங்களுடையது என்று. என் அம்மா அதில் நடந்திருக்கிறார், அதுவரை எஸ்டேட் மேஸ்திரி முன்னால் நிமிர்ந்து நிற்காத ஆட்கள் அன்றைக்குக் கடைவீதி நடுவில் நடந்தோம் என்று இன்றைக்கும் சொல்லுவார்.

நாடு முழுக்கக் காடு என்றால் என்ன என்று தீர்மானித்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு, 1995ல் போட்டது, 1996 டிசம்பரில் பெரிய உத்தரவு வந்தது, அது கூடலூர்ப் பக்கத்து மரம் வெட்டிலிருந்து கிளம்பிய வழக்குதான். காட்டைக் காப்பாற்றியது என்று சொல்லுவார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் காட்டுக்குள் இருந்த ஆட்களின் உரிமையை ஒப்புக்கொள்ள அப்போது தனிச் சட்டம் இல்லை. அந்தச் சட்டம் 2006ல்தான் வந்தது.

இருவாச்சி எழுதியது:

நான் காட்டுயிர் ஆர்வலர், தடாகம் பள்ளத்தாக்கில் யானை வழித்தடம் பார்த்துக்கொண்டு திரிகிறவன். யாருக்கும் எதிராகப் பேச வரவில்லை. ஆனால் எனக்கு உண்மையான பயம் ஒன்று இருக்கிறது. வழித்தடத்துக்கு நடுவில் பட்டா பட்டாவாக நிலம் பிரிந்தால் நாளைக்கு அது ரிசார்ட்காரன் கைக்குப் போகாது என்று என்ன உத்தரவாதம்? ஆனைக்கட்டிச் சாலையில் ஏற்கெனவே நாம் கண்ணால் பார்க்கிறோமே.

ராகிக்காடு எழுதியது:

நல்ல கேள்வி, இதைக் கேட்காமல் சட்டத்தைத் திட்டுபவர்கள்தான் அதிகம்.

வன உரிமைப் பட்டாவை விற்க முடியாது. பிள்ளைகளுக்குப் போகும், வெளியாளுக்குப் போகாது. அடமானமும் கிரயமும் செல்லாது. ஒரு குடும்பத்துக்கு உச்ச வரம்பு 4 ஹெக்டேர், அதுவும் 2005 டிசம்பர் 13ல் உண்மையில் அனுபவத்தில் இருந்த அளவுக்குத்தான், புதுசாகக் காடு வெட்டி வாங்க முடியாது. ரிசார்ட்டுக்குப் போன நிலம் எல்லாம் சாதாரண வருவாய்ப் பட்டா நிலம், அண்ணா. தடாகத்தில் யானை நடந்த பள்ளத்தைச் செம்மண்ணுக்காகத் தோண்டியது செங்கல் சூளை, 2021ல் அவற்றை மூடுவதற்குள் எவ்வளவு ஆழம் போயிருந்தது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அப்புறம், எல்லாரும் தனிப் பட்டாவைப் பற்றியே பேசுகிறோம். இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது சமூக வன வள உரிமை. ஊர் முழுக்க வழக்கமாகப் புழங்கி வந்த காட்டை, அந்த ஊரின் கிராம சபையே காக்கவும் பராமரிக்கவும் உரிமை. கேரளத்தில் வாழச்சாலில் ஒன்பது காடர் ஊர்களுக்கு 2014ல் அப்படிக் கிடைத்தது, ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் காடு. உங்கள் பெயரிலேயே இருக்கிற இருவாச்சிப் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் கூட்டை அங்கே யார் காவல் காக்கிறார்கள்? முன்பு மரம் ஏறிக் குஞ்சு எடுத்த காடர்களே. எந்த மரப் பொந்து என்று அவர்களுக்குத்தானே தெரியும். அதிரப்பள்ளி அணைத் திட்டத்துக்கு எதிராக அந்த ஊர்கள் பேசியபோது சும்மா மனு கொடுக்கிறவர்களாகப் பேசவில்லை, உரிமைக்காரர்களாகப் பேசினார்கள்.

இருவாச்சி எழுதியது:

விற்க முடியாது என்பது எனக்கு நிஜமாகவே தெரியாது. பதினைந்து வருஷமாகக் காட்டில் திரிகிறேன், பட்டா என்றாலே பயந்துகொண்டிருந்தேன். வாழச்சால் கூட்டுக் காவல் பற்றித் தெரியும், அதற்கும் இந்தச் சட்டத்துக்கும் உள்ள தொடர்பு தெரியாது. எனக்கு இன்னும் சில சந்தேகம் இருக்கிறது, ஆனால் இவர்களை எதிர்த்தரப்பாக வைத்துப் பேசுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

நகரி எழுதியது:

ஆந்திர எல்லையிலிருந்து எழுதுகிறேன். தமிழ் பேசுகிற குடும்பம், நகரி. உங்கள் பேச்சைப் படித்ததும் எங்கள் மாநிலத்தில் இருக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லத் தோன்றியது.

ஆந்திராவின் வடக்கு மலைகளில் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி இருக்கிறது, ஆதிவாசிகளுக்குத் தனிப் பாதுகாப்பு உள்ள பகுதி. அங்கே 1959ல் ஒரு நிலமாற்றச் சட்டம், 1970ல் அதைக் கெட்டியாக்கினார்கள், எல்லாரும் 1/70 சட்டம் என்றே சொல்லுவார்கள். ஆதிவாசி அல்லாதவர் கையில் அந்தப் பகுதி நிலம் இருந்தால், அது ஆதிவாசியிடமிருந்து வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருப்பவர். வேலந்தாவளத்து அண்ணன் சொன்ன பத்திரம் அங்கே இருந்திருந்தால் அந்தக் கைநாட்டுக்காரர் வீட்டு ஆட்கள் எதையும் தேடி அலைய வேண்டாம். 1997ல் சமதா தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது, அனந்தகிரி மண்டலத்தில் சுரங்கத்துக்குக் குத்தகை கொடுத்த வழக்கு, அரசாங்கமே என்றாலும் அந்தப் பகுதி நிலத்தைத் தனியார் கம்பெனிக்குக் குத்தகை விட முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

ஆனால் எங்கள் பக்கத்து யானாதி ஆதிவாசிகளுக்கு இதில் எதுவும் கிடையாது, ஏனென்றால் நாங்கள் அட்டவணைப் பகுதிக்கு வெளியே. ஒரே மாநிலம்தான்.

வால்பாறை டீச்சர் எழுதியது:

தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் அட்டவணைப் பகுதி என்று ஒரு அங்குலம்கூட அறிவிக்கவில்லை. அதனால்தான் நம் பக்கத்தில் 2006 சட்டத்தையே இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

யார் நிரூபிக்க வேண்டும் என்று நகரி சொன்னதுதான் இந்த இழை முழுக்க ஓடுகிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. ஆஸ்திரேலியாவில் மேர் தீவுக்காரர் எட்டி மாபோ பத்து வருஷம் வழக்கு நடத்தினார். வெள்ளைக்காரன் வந்தபோது அது ஆளில்லா நிலம், யாருக்கும் சொந்தமில்லை என்பதுதான் அதுவரை அங்கே சட்டம். அவர் எங்கள் தோட்டத்துக்கு எல்லை இதுதான், இது அப்பன் பாட்டன் வழி வந்தது என்று சொன்னார். 1992 ஜூன் 3ல் தீர்ப்பு வந்தது, நிலம் அவர்களுடையதாகவே இருந்தது என்று. அவர் அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார். கனடாவில் 1997ல் டெல்கமூக் வழக்கு. அங்கே ஆதிக்குடிகள் பாட்டாகவும் கதையாகவும் தங்கள் நிலத்தைச் சொன்னார்கள், கீழ்க் கோர்ட் அதற்கு மதிப்பே கொடுக்கவில்லை, உச்ச நீதிமன்றம் வாய்வழி வரலாற்றையும் எழுத்து ஆவணத்தோடு சமமாக வைத்துப் பார்க்க வேண்டும் என்றது. நம் 13ஆம் விதியில் பெரியவர் வாக்குமூலம் என்று வருவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

நம் நாட்டிலும் ஒடிசாவில் நியமகிரி மலை இருக்கிறதே. 2013ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது, டோங்ரியா கோந்த் ஆதிவாசிகள் வாழும் அந்த மலையில் 12 ஊர்களில் சபை கூடியது, பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. எங்கள் சாமி அந்த மலைதான் என்று அவர்கள் சொன்னதை நீதிபதி முன்னிலையில் எழுதி எடுத்தார்கள்.

பந்தலூர் எழுதியது:

இன்னொரு பயத்தையும் கேட்டுவிடுகிறேன். 2019ல் மனு தள்ளப்பட்டவர்களை எல்லாம் வெளியேற்று என்று உத்தரவு வந்ததே, அது இன்னும் இருக்கிறதா? எங்கள் ஊரில் பல பேர் அந்தப் பயத்தில்தான் மனுவே போடவில்லை. போட்டுத் தள்ளிவிட்டால் நாமே மாட்டிக்கொள்வோம் என்கிறார்கள்.

ராகிக்காடு எழுதியது:

2019 பிப்ரவரி 13ல் வந்த உத்தரவு, அதே மாதம் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றமே நிறுத்தி வைத்தது, மனுக்களை எப்படித் தள்ளினார்கள் என்று மாநிலங்கள் சொல்லட்டும் என்று. சட்டத்திலேயே 4ஆம் பிரிவில் இருக்கிறது, சரிபார்த்து முடிக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதனால் மனு போடாமல் இருப்பதுதான் ஆபத்து. போடச் சொல்லுங்கள்.

தம்பிக்கு: மனுவை எப்படித் திரும்ப எழுத வேண்டும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் உங்கள் ஊர் வன உரிமைக் குழு கூடட்டும். கிராம சபைக்குப் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும், வருகைப் பதிவில் கைநாட்டாவது வாங்கிவிடு. கள ஆய்வுக்குத் தேதி வைத்து வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் எழுத்தில் கொடு, கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் வாங்கு. அவர்கள் வந்தால் அங்கேயே பெயர், பதவி, தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் இல்லாமல் பார்த்தார்கள் என்று பிறகு ஆட்சேபம் சொன்னால் ஒரு தடவை மறு ஆய்வு வைக்கலாம். அதற்கும் வராவிட்டால் கள ஆய்வைப் பொறுத்தவரை கிராம சபை முடிவே இறுதி. இந்த ஒரு விதி பல பேருக்குத் தெரியவே தெரியாது.

ஆறப் போட்ட நிலம் என்பதை மறைக்காதே, தெளிவாக எழுது. எந்த மேட்டில் எத்தனை வருஷம் விதைத்தோம், எப்போது விட்டோம், எப்போது திரும்பினோம் என்று பெரியவர்கள் சொல்கிற மாதிரியே எழுது. அவர்கள் ஆண்டு சொல்ல மாட்டார்கள், பெரிய பஞ்சம் வந்ததற்கு அடுத்த வருஷம், யானை அம்மையை மிதித்த வருஷம் என்றுதான் சொல்லுவார்கள். அப்படியே எழுது, பக்கத்தில் நீ கணக்குப் பண்ணின வருஷத்தைப் போடு. எங்கள் ஊர்களில் எந்தக் காட்டில் இந்த வருஷம் பஞ்சக்காடு என்கிற கலப்பு வெள்ளாமை போடுவது என்று பார்த்து முதல் விதை போடுகிறவர் மண்ணுக்காரன். உங்கள் பக்கமும் அந்த வழி ஆட்கள் யாராவது இருந்தால் அவர் வாக்குமூலத்தை முதலில் வை. ஆறப் போட்டதும் வெள்ளாமையின் ஒரு பகுதி என்று அவரை விட யார் சொல்ல முடியும்?

தனி உரிமை மனுவோடு நிற்காதே. ஊர் சார்பில் சமூக உரிமை மனுவும் போடுங்கள். தேன், கிழங்கு, சீமாறுப் புல், மேய்ச்சல், இடுகாட்டுக்குப் போகிற தடம், எல்லாம் அதில் வரட்டும்.

வேலந்தாவளம் எழுதியது:

ஒரு சின்ன விஷயம். அந்த மூப்பன் வீட்டுக்குப் போனேன். பேரன் என் வயசு ஆள். பத்திரத்தின் நகலைக் கொடுத்தேன், அவர்கள் வீட்டில் ஒரு காகிதமும் கிடையாது. அவருடைய தாத்தாவின் பெயர் எழுத்தில் இருக்கிற ஒரே இடம் எங்கள் பத்திரம்தான் என்று அப்போதுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. மாற்று நிலத்துக்கு அவர்கள் மனுப் போட்டால் அதை ஆதாரமாக வைக்கட்டும், எங்கள் நிலம் அவர்கள் நிலமாக இருந்தது என்று நானே எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவும் சரி என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

கொடுங்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வேலந்தாவளம் அண்ணா, நீங்கள் எழுதியதை எங்கள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், திரும்ப ஒரு தடவை வாசி என்றார்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். குழு கூடியது, கிராம சபையும் நடந்தது, 61 பேர் வந்தார்கள், அதில் பெண்கள் 34. இரண்டு துறைக்கும் கடிதம் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். முறையீடும் 60 நாளுக்குள்ளேயே போய்விட்டது.

சோலையூர் அத்தையைச் சாட்சிக்குக் கூட்டி வந்தோம். அவர் பிறந்தது இந்த ஊரில்தானே, மனுக்காரரும் இல்லை. மேட்டுக்கு ஏற முடியாது என்று நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனோம். நாங்கள் ஒரு மணி நேரம் புதரில் தேடிக்கொண்டிருந்தோம், அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, அந்த வேங்கை மரத்துக்குக் கீழ்ப்பக்கம் பாரு, உண்ணிச்செடியை வெட்டு என்றார். வெட்டினால் தாத்தா கல் மட்டும் இல்லை, அதற்குப் பக்கத்தில் சின்னதாக இன்னும் நாலு கல். ஒவ்வொன்றையும் காட்டி இன்னார் இன்னார் என்று பெயர் சொன்னார், நான் எழுதினேன். நாலாவது கல் அப்பாவுக்கு முன்னால் பிறந்து இறந்துபோன ஒரு குழந்தை. அப்படி ஒரு அண்ணன் இருந்ததே அப்பாவுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கள ஆய்வு. அக்கா, நீங்கள் வருவதாக இருந்தால் அகளி பஸ்ஸில் ஏறி ஆனைக்கட்டி பாலத்துக்கு இந்தப் பக்கம் இறங்குங்கள், நான் நிற்கிறேன். இருவாச்சி அண்ணாவும் வழித்தடக் குறிப்பைக் கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அளவு நாடாவும் வெற்றுத்தாளும் வாங்கி வைத்துவிட்டேன்.